பென்சிலில் போட்ட ஊ

எங்கள் வார்டில் எதையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். காய்ச்சல், நாடி, சிறுநீர் அளவு, கொடுத்த மருந்து, கொடுக்காத மருந்து எல்லாம் நீல மையில், ஆங்கிலத்தில். ஒரே ஒரு எழுத்து மட்டும் தமிழில் இருந்தது. அது கேஸ் ஷீட்டில் வராது. டியூட்டி மாறும்போது நர்சுகள் கைமாற்றிக்கொள்ளும் ரிப்போர்ட் நோட்டில், படுக்கை எண்ணுக்குப் பக்கத்தில், பென்சிலில் சின்னதாக ‘ஊ’ என்று போட்டிருக்கும்.

ஊ என்றால் ஊடு. வீட்டைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அந்தப் படுக்கைக்காரரை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று அர்த்தம். ஆனால் குணமாகி எழுந்து நடந்து போகிறவருக்கு ஊ போடமாட்டோம். அவருக்கு டிஸ்சார்ஜ் என்று மையிலேயே எழுதலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஊ போட்டவர் வேறு. அவர் இதயம் நின்றால் நெஞ்சை அமுக்காதே, ஷாக் கொடுக்காதே, டாக்டரைத் தேடி ஓடாதே, அவருடைய ஆட்கள் வண்டி ஏற்பாடு செய்யும்வரை இருப்பது இருக்கட்டும். இவ்வளவும் அந்த ஓர் எழுத்துக்குள் அடக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இருந்தேன். இருபத்தாறு வயது. இந்த நோயாளியை உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனால் என்ன செய்வது என்று பயம். அதனால் வாயால் சொல்வார்கள், அதையும் முழுசாகச் சொல்லமாட்டார்கள். ரவுண்ட்ஸ் முடிந்து வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டே, “சிஸ்டர், அந்த மூணாம் பெட்… பாத்துக்குங்க” என்பார்கள். அந்த மூன்று புள்ளியில் ஓர் ஆளின் உயிர் தொங்கும். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நாங்கள். எனக்கு அந்தக் கை கழுவலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஊ வருவதற்கு முன்னால் ஒரு சம்பவம் நடந்தது. எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், உடம்பெல்லாம் புற்றுநோய். பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசி, இனி எதுவும் செய்ய வேண்டாம், நிம்மதியாகப் போகட்டும் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் காலை டியூட்டி நர்சிடம் சொல்லியிருக்கிறார். அவள் மறந்துவிட்டாள். மதியம் வந்த எனக்கு ஒன்றும் தெரியாது. நாலு மணிக்கு அந்த அம்மாளின் இதயம் நின்றது. கட்டில்மேல் ஏறி முட்டி போட்டு நெஞ்சை அமுக்கினேன். முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி விலா எலும்புகள் என் உள்ளங்கைக்குக் கீழே ஒடிந்தன. இதயம் திரும்ப ஓடியது. மேலும் இரண்டு நாள், ஒடிந்த எலும்போடு, அந்த அம்மாள் முனகிக்கொண்டு கிடந்தார். மகன் என்னைத் திட்டக்கூட இல்லை. “நீங்க உங்க வேலையத்தான செஞ்சீங்க” என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் மூத்த சிஸ்டர் ஊ போட ஆரம்பித்தார். அவருக்கு ஊர் பெரியநாயக்கன்பாளையம், குரல் லேத்துப் பட்டறைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். ஏன் தமிழில் என்று கேட்டதற்கு, “இங்கிலீசுல போட்டா அது ஆர்டராயிருங் கண்ணு. இது நம்மளுக்குள்ள பேசிக்கறது” என்றார். ஏன் பென்சிலில் என்று நான் கேட்கவில்லை. ரப்பர் அவர் பாக்கெட்டிலேயே இருந்தது.

ஊ போட்ட படுக்கையை யாராவது அலட்சியம் செய்தால் அவருக்கு ஆகாது. புதிதாக வந்த ஒருத்தி, எப்படியும் போகப் போகிறவர்தானே என்று ஒரு நோயாளிக்கு வாய் துடைக்காமல் விட்டுவிட்டாள். மூத்த சிஸ்டர் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தி, “ஊ போட்டா நெஞ்செ மட்டுந்தான் தொடக்கூடாது. வாயெத் தொடலாம், கண்ணெத் தொடலாம், முதுகெத் தொடலாம். போய்த் தொடு” என்றார். அவள் அழுதுகொண்டே போய்த் துடைத்தாள். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்போம், முதுகுக்கு ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவோம், மூடாத கண்ணுக்கு மருந்து விட்டு ஈரத் துணி வைப்போம், சளியை உறிஞ்சி எடுப்போம், நகம் வெட்டுவோம், ஆண்களுக்குச் சவரமும் செய்துவிடுவோம். செத்துக்கொண்டிருக்கிறவருக்கு எதற்குச் சவரம் என்று ஒரு டாக்டர் கேலி செய்தார். அவர் ஒருநாள் படுத்துப் பார்த்தால் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போவது மூன்றாம் படுக்கைக்காரரைப் பற்றி. கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் போடும் விவசாயி, அறுபத்தைந்து வயது இருக்கும். காட்டில், அதாவது தன் வயலில், தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. வெண்டிலேட்டர் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் டார்ச் அடித்தால் பாவை சுருங்கவில்லை. கிள்ளினால் விரல் அசையவில்லை. எட்டு நாள் அப்படியே போனது.

அவர் மனைவி காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் உள்ளே வருவார். மற்ற நேரமெல்லாம் வெளியே வராந்தாவில், சோறு கொண்டுவந்த தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்தால் கணவர் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, காலைத் தொட்டுப் பார்ப்பார். கால் சூடாக இருந்தால் ஒரு திருப்தி. பிறகு என்னிடம் வருவார்.

“ஏங் கண்ணு, எங்க ஊட்டுக்காரரு இன்னிக்குத் தேவலைங்களா?”

“அப்படியேதானுங்க இருக்குது.”

“சாப்புட்டயா நீயி? மூஞ்சி வாடிக் கெடக்குது.”

எட்டு நாளும் இதே பேச்சு. கண்ணு என்று கூப்பிடுவார், நீ என்று பேசுவார், எனக்கு அது பிடித்திருந்தது. ஒருநாள் எந்த ஊர் என்று கேட்டார், அவிநாசிப் பக்கம் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார், காட்டு வேலை என்றேன். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். சொந்தக் காடா, கூலிக்கா என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் அவரைப் போன்றவர்களின் காட்டில்தான் களை வெட்டினார்கள், அந்த வீடுகளின் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. மறுநாளும் அவர் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் டாக்டர் மகனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த மகனுக்கு முகம் வெளுத்திருந்தது. எங்கள் ஃபாரத்தில், டாக்டர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துப் போகிறோம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அழைத்துப் போகச் சொன்னதே டாக்டர்தான். ஃபாரம் அப்படித்தான் இருக்கும். நாளைக் காலை பத்து மணிக்கு வேன், கூட ஒரு நர்ஸ், என்று முடிவாயிற்று. மூத்த சிஸ்டர் நோட்டை எடுத்து மூன்றுக்குப் பக்கத்தில் ஊ போட்டார்.

மகன் என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். “சிஸ்டர், எங்கம்மாளுக்குச் சொல்லிப்போடாதீங்க. தாங்கமாட்டாங்க. நானே பதமாச் சொல்லிக்கறனுங்க.” சரி என்றேன். சொல்வது என் வேலை இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. அதை இப்போது மறைப்பானேன்.

மாலையில் அந்த அம்மா வந்தார். திருநீறு வைத்தார், காலைத் தொட்டார், என்னிடம் வந்தார். “என்ன கண்ணு, எல்லாரும் குசுகுசுன்னு பேசிக்கறாங்க. என்னதான் சொல்றாங்க?”

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. நாள் பூராவும் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த சொல் அப்படியே வாயில் வந்துவிட்டது. “நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமுங்க.”

அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது. எங்களுக்கு ஊடு என்றால் என்ன, அவருக்கு ஊடு என்றால் என்ன என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருப்ப கண்ணு” என்றார். “கஞ்சி கொடுக்கலாமா? உப்புப் போட்டா, போடாதயா?”

திருத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். மகனிடம் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நான், “அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாமுங்க” என்றேன். டாக்டர் வாஷ்பேசினில் சொன்ன அதே வார்த்தை. பத்து நிமிஷம் முடிந்தது. வராந்தாவில் அவர் மகனிடம் ஏதோ வேகமாகச் சொல்வதும், மகன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வீட்டைக் கழுவி ஒழுங்கு பண்ண வேண்டும் என்று, தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு மாலை பஸ்சிலேயே அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு வேனில் ஏற்றினோம், கூடப் போகும் நர்ஸ் நான்தான். வெண்டிலேட்டர் மெஷின் எங்களோடு வராது. ரப்பர் பலூன் மாதிரி ஒரு பை உண்டு, ஆம்பு என்போம். தொண்டைக்குழாயில் அதை மாட்டிக் கையால் அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு, பதினாலு தடவை. கோவையிலிருந்து கொடுமுடிப் பக்கம் அன்றைய ரோட்டில் மூன்று மணி நேரம். நான் நிறுத்தினால் அவர் மூச்சு நின்றுவிடும். இடது கையால் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டு வலது கையால் அமுக்கினேன். பல்லடம் தாண்டுவதற்குள் கட்டைவிரல் மரத்துவிட்டது. கையை மாற்றினேன்.

மகன் எதிரே உட்கார்ந்து அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தார். “ஊடு வரைக்கும் தாங்குமுங்களா சிஸ்டர்?”

“நாடி இருக்குதுங்க.”

“வழியில ஆயிப்போச்சுன்னா ஊட்டுக்குள்ள கொண்டுபோக உடமாட்டாங்க. வாசல்லயே கெடத்தோணும். அவரு கட்டுன ஊடுங்க அது.”

அது எனக்கும் தெரியும். எங்கள் பக்கமும் அப்படித்தான். வெளியே போன உயிரை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நாங்கள் ஊ போட்டு அனுப்பிய ஒவ்வொரு வேனும் அந்த நிலைப்படியை நோக்கித்தான் ஓடியது. காங்கேயம் வந்ததும் கேட்டேன்.

“அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களாங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீங்க ஊட்டுக்குன்னு சொன்னீங்களாமா. அத்தன சந்தோசமாச் சொல்றாங்க. அதெக் கெடுக்க வாய் வரலீங்க.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அரை மைல் போவதற்குள் அது என்மேலேயே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் என் மனசில் ஓடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு.

வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நின்றார்கள். வேனிலிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்கியதைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் நடையில் நின்று, “பாத்து, தல இடிக்கப் போவுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றக்கூட முடியவில்லை, கை ஆம்புவில் இருந்தது. தூண் வைத்த முன்கூடத்தில், ஆசாரம் என்பார்கள், கழுவின தரை இன்னும் ஈரமாக இருந்தது. கயிற்றுக் கட்டிலில் வெள்ளைப் போர்வை விரித்திருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியில் கிண்ணம், அதில் கஞ்சி, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது.

படுக்கவைத்தோம். நிலைப்படியைத் தாண்டியாயிற்று. மகன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். “எடுத்துருங்க சிஸ்டர்” என்றார் மெதுவாக.

அதே நேரம் அந்த அம்மா கிண்ணத்தின் தட்டை எடுத்துவிட்டு, “அந்தக் கொழாயெ எடுத்துரு கண்ணு. அது இருந்தா எப்படிக் கஞ்சி குடிப்பாரு?” என்றார்.

இரண்டு பேரும் ஒன்றையே கேட்டார்கள். எடுத்திருந்தால் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டவள் ஆகியிருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். குழாயை எடுத்தோம், ஊடு வந்து சேர்ந்தார், ஆயுசு அவ்வளவுதான் என்று ஊரே சொல்லியிருக்கும். அந்த அம்மா கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போதே எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அப்படியே செய்துவிடலாம் என்றும் தோன்றியது. கை மட்டும் நிற்கவில்லை, அமுக்கிக்கொண்டே இருந்தது.

“அம்மா,” என்றேன். “கொழாயெ எடுத்தா மூச்சு நின்னுபோயிருமுங்க. அவராவே மூச்சு உடறதில்லீங்க. நாந்தான் உட்டுட்டு இருக்கறனுங்க. தேவலையாகி வரலீங்க அவரு. நேத்து நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க.”

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் தூணைப் பார்த்தார். அம்மா வாசலில் நின்றவர்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்பது அவருக்கு விளங்கியது. அழவில்லை. கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார். கஞ்சியில் விரலைத் தொட்டு, குழாயை ஒட்டிய உதட்டோரம் ஈரம் பண்ணினார். மூன்று தடவை. பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து என் பக்கம் கையை நீட்டினார்.

“அதெ இப்படிக் குடுங்க. எப்படி அமுக்கோணும்?”

கொடுத்தேன். குழாயை நான் பிடித்துக்கொண்டேன், எண்ணிக்கையும் நானே சொன்னேன். முதலில் வேகமாக அமுக்கினார், பிறகு பிடிபட்டுவிட்டது. அமுக்கிக்கொண்டே கணவரிடம் பேசினார். நேத்து மாடு கன்னு போட்டுருச்சுங்க, கிடாரிங்க. மேக்காலக் காட்டுக்குத் தண்ணி உட்டாச்சுங்க. மோட்டார் ரூம் சாவி கிடைச்சுப்போச்சுங்க, உங்க சட்டைப் பையிலயேதான் இருந்துதுங்க. மகன் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிரைவர் இரண்டு தடவை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் அவர் கை மெதுவானது. “போதுமுங்க,” என்றார். என்னிடம் இல்லை, கணவரிடம். “படுத்துக்குங்க.” பையை மடியில் வைத்துவிட்டார்.

நான் நாடியைப் பிடித்துக்கொண்டு அது முழுசாக நிற்கும்வரை இருந்தேன். பிறகு குழாயை எடுத்து, வாயைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டிய இடத்தைச் சுத்தம் செய்து, தாடையை நேராக வைத்தேன். அன்று காலையில்தான் சவரம் செய்துவிட்டிருந்தேன். முகம் நன்றாக இருந்தது.

வேனுக்கு நடக்கும்போது அந்த அம்மா பின்னாலேயே வாசல் வரை வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

“சிஸ்டருங்க,” என்றார்.

ஒன்பது நாளும் கண்ணு என்று கூப்பிட்டவர்.

“நேத்தே சொல்லியிருக்கலாமுங்க. ஒரு ராத்திரி அவரு கால்மாட்டுல உக்காந்திருப்பனுங்க. இந்த ஊட்டெக் கழுவறதுக்கு ஓடியாந்துட்டனுங்க.”

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. மறுநாள் நான் டியூட்டிக்குப் போனபோது நோட்டில் மூன்றுக்குப் பக்கம் ரப்பர் போட்டு அழித்திருந்தது, படுக்கையில் வேறு ஆள் இருந்தார். அங்கே இன்னும் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், எத்தனையோ ஊ பார்த்தேன். யாரும் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை.

எங்கள் அப்பாவுக்கு அந்த மாதிரி வீட்டு வாசலில் நின்று ஒருத்தரும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. எனக்குப் போட்டார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் போட்டார்கள். அந்தக் கண்ணுவை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.